கான்டெஸாவை டெய்லி ஓட்டப் போறீங்களா? இந்த தப்புகளை மட்டும் பண்ணாதீங்க

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸோட பழைய பெரிய கார் கான்டெஸாவ வாங்கி தினமும் ஆபீஸ் போக ஓட்டலாமான்னு கேக்குறவங்க எல்லாரோட முதல் கேள்வியும் ஒண்ணுதான், மைலேஜ் எவ்வளவு? 1.8 லிட்டர் ஐசுசு பெட்ரோல் எஞ்சின், நல்ல கண்டிஷன்ல, ஏசி போட்டு சென்னை டிராஃபிக்ல ஓட்டுனா லிட்டருக்கு 7, 8 கிலோமீட்டர் வரும், ஹைவேல 80ல நிதானமா போனா 11 வரைக்கும் பாக்கலாம். விக்கிறவர் 15 குடுக்கும்னு சொன்னா நம்பாதீங்க. ஆனா இந்த வண்டிய ஆசையா வாங்கி பாதியில வித்துட்டு போறவங்கள பாத்தீங்கன்னா பெட்ரோல் செலவு தாங்காம விக்கிறவங்க கம்மி, அந்த செலவ குறைக்கிறேன்னு போய் எஞ்சின கெடுத்துக்கிட்டு விக்கிறவங்கதான் ஜாஸ்தி.

முதல்ல வாங்குறதுக்கு முன்னாடியே ஒரு பேப்பர் எடுத்து கணக்கு போடுங்க, இத பண்ணாம விடுறது பெரிய தப்பு. ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர், மாசம் 25 நாள்னா 750 கிலோமீட்டர். லிட்டருக்கு 8 குடுத்தா 94 லிட்டர், 15 குடுக்குற புது வண்டின்னா 50 லிட்டர். லிட்டர் 100 ரூபாய்னு வச்சாலே மாசம் 4,400 ரூபாய்தான் வித்தியாசம், புது கார் இஎம்ஐ கூட ஒப்பிட்டா இது ஒண்ணுமே இல்ல. அதுவே தினமும் 80 கிலோமீட்டர் ஓட்டுறவர்னா வித்தியாசம் 11,000 தாண்டிடும், அவங்களுக்கு நான் இந்த வண்டிய டெய்லி ஓட்ட சொல்லவே மாட்டேன்.

அடுத்தது, சின்ன எஞ்சின்னா மைலேஜ் நல்லா வரும்னு நெனச்சு ஆரம்ப கால 1.5 வண்டிய தேடிப் போறது. 1984ல கான்டெஸா வந்தப்போ அம்பாசிடர்ல இருந்த அதே 1489 சிசி எஞ்சின்தான், அம்பது குதிரை சக்தி சுமார், நாலு கியர். அவ்வளவு பெரிய பாடிய அது இழுக்கணும்னா ஆக்சிலேட்டர எப்பவும் அமுக்கிக்கிட்டே இருக்கணும், மேம்பாலம் ஏறும்போது மூணாவது கியருக்கு இறங்கி இறங்கி போகணும், அப்புறம் எங்க இருந்து மைலேஜ் வரும். 1.8 ஐசுசுவும் அஞ்சு கியரும் இருக்குற, பின்னாடி வந்த கான்டெஸா கிளாசிக்தான் தினசரி ஓட்டத்துக்கு சரி.

இப்போ எனக்கு ரொம்ப வருத்தமா இருக்குற விஷயத்துக்கு வரேன். தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடாகுற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம தடுக்குற வால்வ். "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு சார், இதனாலதான் வண்டி ஹீட் ஆகுது"ன்னு சொல்லி கழட்டி போட்டுடுறாங்க, நிறைய பழைய வண்டிகள்ல அது இருந்த இடமே காலியா இருக்கும். கழட்டிட்டா என்ன ஆகும்னா தண்ணி எந்நேரமும் ரேடியேட்டருக்கு ஓடிக்கிட்டே இருக்கும், எஞ்சின் அதுக்கு வேண்டிய சூட்டுக்கு வர ரொம்ப நேரம் ஆகும், அது வரைக்கும் பெட்ரோல் சரியா ஆவியாகாது, எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர்ல வழிஞ்சு ஆயில்ல கலக்கும். ஆபீஸ் 6 கிலோமீட்டர்தான்னா எஞ்சின் சூடாகறதுக்குள்ள ஆபீஸே வந்துடும், தினமும் இப்படியே ஓடுனா மைலேஜும் போச்சு, பிஸ்டன் ரிங்கும் போச்சு. கண்டுபிடிக்கிறது சுலபம், ஹைவேல அரை மணி நேரம் ஓட்டியும் டெம்பரேச்சர் முள்ளு கீழயே படுத்து கிடந்தா தெர்மோஸ்டாட் இல்ல, இல்லன்னா திறந்தபடியே மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம். ஹீட் ஆகுதுன்னா ரேடியேட்டர கழட்டி கோர் சுத்தம் பண்ணுங்க, ஃபேன், வாட்டர் பம்ப் பாருங்க, தெர்மோஸ்டாட்டுல கை வைக்காதீங்க.

இதே மாதிரி இன்னொன்னு கார்ப்ரேட்டர்ல சின்ன ஜெட், அதாவது பெட்ரோல் போற ஓட்டை சின்னதா இருக்குற பார்ட், போடுறது. ஒரு வாரம் மைலேஜ் ஏறுன மாதிரி இருக்கும், அப்புறம் ஏத்தத்துல டிக்டிக்னு நாக்கிங் சத்தம், கடைசியில வால்வ் கருகி ஹெட்ட இறக்கணும். இப்போ இது முன்னாடிய விட ஆபத்து, ஏன்னா பங்க்ல வர்றது இ20 பெட்ரோல், அஞ்சுல ஒரு பங்கு எத்தனால். எத்தனால்ல சக்தி பெட்ரோல விட மூணுல ஒரு பங்கு கம்மி, அது எரிய காத்தும் கம்மியா போதும். புது வண்டில சென்சார் பாத்து பெட்ரோல கூட்டிக்கும், கார்ப்ரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது, அதனால கலவை தானாவே லீன் ஆகிடும், அதாவது காத்து ஜாஸ்தி பெட்ரோல் கம்மின்னு ஆகிடும். ஏற்கனவே லீனா இருக்குறதுக்கு சின்ன ஜெட்டும் போட்டா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. இ20ல நூத்துக்கு ஆறு ஏழு பங்கு மைலேஜ் குறையத்தான் செய்யும், அத ஏத்துக்கிட்டு தேவைப்பட்டா ஜெட் சைஸ கொஞ்சம் பெருசாக்குறதுதான் சரியான வேலை. கூடவே பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸ் எல்லாத்தையும் மாத்திடுங்க, பம்ப்போட டயஃப்ரமையும்தான், எத்தனால் பட்டு பழைய ரப்பர் ஊறிப்போய் விரிசல் விடும், சூடான எஞ்சின் மேல பெட்ரோல் சொட்டுறது விளையாட்டு இல்ல. காலையில பானட்ட தொறந்ததும் பெட்ரோல் வாசம் வந்தா அன்னைக்கு வண்டிய எடுக்காதீங்க.

மைலேஜ் குறையுதுன்னா கார்ப்ரேட்டர நோண்டுறதுக்கு முன்னாடி சக்கரத்த பாருங்க. ஒரு அஞ்சு கிலோமீட்டர் ஓட்டிட்டு இறங்கி நாலு சக்கரத்துக்கு பக்கத்துலயும் கைய கொண்டு போங்க, தொடாதீங்க, ஒண்ணுல மட்டும் அனல் அடிச்சா அங்க பிரேக் பிடிச்சுக்கிட்டே இருக்கு. ஜாக்கி போட்டு கையால சுத்திப் பாத்தா உடனே தெரிஞ்சிடும். முன்னாடி பிரேக் பேட அமுக்குற காலிபர் பிஸ்டன் துரு பிடிச்சு திரும்ப உள்ள போகாம நிக்கும், பின்னாடி ஹேண்ட்பிரேக் கேபிள் இழுத்தபடியே இருக்கும். இத சரி பண்ணா கிடைக்கிற மைலேஜ் எந்த டியூனிங்லயும் கிடைக்காது. அப்புறம் பெட்ரோல் முள்ள பாத்து மைலேஜ் கணக்கு போடாதீங்க, ஃபுல் டேங்க் போட்டு ஓட்டி திரும்ப ஃபுல் டேங்க் போட்டு கணக்கு போடுங்க.

வேற வண்டியோட டீசல் எஞ்சின தூக்கி வைக்கலாம்னு ஒரு ஐடியா அடிக்கடி வரும். மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு படி ஆர்சியில இருக்குறதுக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாது, அனுமதி இல்லாம எஞ்சின் மாத்தி ஓட்டிட்டு ஒரு விபத்து நடந்தா இன்சூரன்ஸ் கிளெய்ம் சிக்கல்ல போய் நிக்கும். விட்ருங்க.

ஸ்பேர் விஷயத்துல எஞ்சின் பார்ட்ஸ் கிடைக்குமான்னு மட்டும் கேக்குறாங்க. ஐசுசு எஞ்சின் அம்பாசிடர்லயும் வந்ததால அது எப்படியும் கிடைச்சிடும். கிடைக்காதது முன் கண்ணாடி, டெயில் லைட், கதவு ஓரத்து ரப்பர் பீடிங், பம்பர் மாதிரி பாடி சாமான்கள். சென்னை புதுப்பேட்டை பழைய ஸ்பேர் கடைகள்ல நல்லதா ஒரு ஜோடி டெயில் லைட் கண்ணுல பட்டா இப்போ தேவையில்லன்னாலும் வாங்கி வச்சிடுங்க, ஒரு பைக்காரர் பின்னாடி வந்து தட்டினா வண்டி மாசக்கணக்குல நிக்கும். பார்க்கிங்கும் அப்படித்தான், நாலரை மீட்டருக்கு மேல நீளம், பல வண்டில பவர் ஸ்டியரிங் கிடையாது, உங்க அபார்ட்மெண்ட் தூணுக்கு நடுவுல திரும்புமான்னு டேப் வச்சு அளந்துட்டு அட்வான்ஸ் குடுங்க.

கடைசியா பேப்பர். கான்டெஸா 2002லயே நின்னு போச்சு, அதனால எந்த வண்டிய எடுத்தாலும் இருபது வருஷம் தாண்டினதுதான், ஆர்சி புதுப்பிக்க 2025 ஆகஸ்ட்ல இருந்து காருக்கு 10,000 ரூபாய் கட்டணம், எஃப்சி, அதாவது வண்டி ஓட்டத்துக்கு தகுதியான்னு பாத்துதான் அஞ்சு வருஷத்துக்கு குடுப்பாங்க. டெல்லி பக்கத்துல இருந்து விலை கம்மின்னு வாங்குறவங்க அந்த ஊரு ஆர்டிஓ குடுக்குற என்ஓசி (தடையில்லா சான்று), இங்க கட்ட வேண்டிய சாலை வரி ரெண்டையும் சேத்து கணக்கு போடுங்க. இன்னொன்னு, பழைய அம்பாசிடர் மார்க் 2 மாதிரி அம்பது வருஷம் தாண்டின வண்டி வச்சிருக்கறவங்க பெருமைக்காக விண்டேஜ்னு பதிவு பண்ணிடாதீங்க, 2021 விதிப்படி விண்டேஜ் வண்டிக்கு குடுக்குற விஏ (VA) நம்பர் வாங்கிட்டா கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, சர்வீஸ் விட, இதுக்கெல்லாம்தான் ரோட்டுல எடுக்கலாம், தினமும் ஆபீஸ் போக எடுக்க முடியாது. கான்டெஸாக்காரங்களுக்கு 2034 வரைக்கும் அந்தக் கவலை கிடையாது.