முள் பத்து டிகிரி சாய்ந்திருக்கிறதா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும். பத்து வருடத்துக்கு முன்னால் அங்கே ஒரு பித்தளைச் சூரியக் கடிகாரம் வாங்கினேன். சாப்பாட்டுத் தட்டு அகலம், சுற்றிலும் ரோமன் எண்கள், நடுவில் முக்கோண முள். “பெரிய வீட்டு மாடியிலிருந்து இறக்கினது” என்றார்கள். நான் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். மணி காட்டுகிற எதையும் கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது.

மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தேன். உச்சிப்பொழுதுக்கு மட்டும் 12 சரியாகக் காட்டியது. மற்ற நேரத்தில் ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொரு விதமாகத் தப்பியது. பையனின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானியை எடுத்து முள்ளின் சாய்வை அளந்தேன். ஐம்பத்தொன்றரை டிகிரி. அது லண்டனின் அட்சரேகை. காரைக்குடிக்குப் பத்து.

சூரியக் கடிகாரம் தேடிப் போகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: கோணமானி இல்லாமல் கிளம்பாதீர்கள். முள்ளின் சாய்ந்த விளிம்பு வானத்தின் வட துருவத்தைப் பார்க்க வேண்டும். தரையில் படுத்த தட்டு என்றால் அந்தச் சாய்வு ஊரின் அட்சரேகைக்குச் சமமாக இருக்கும். அதனால் நம் பக்கத்துக்கென்று செய்த தட்டில் முள் கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும். தெரியாதவர்கள் வளைந்துவிட்டது என்று நினைத்து நிமிர்த்திவிடுவார்கள்.

முள்ளே போய்விட்டதா? கோடுகளைப் பாருங்கள். பத்து டிகிரி ஊருக்கான தட்டில் 12க்கும் 1க்கும் நடுவே மூன்று டிகிரிகூட இருக்காது. நடுக் கோடுகள் மடித்த விசிறி மாதிரி நெருங்கி நிற்கும். 5க்கும் 6க்கும் நடுவே ஐம்பது டிகிரிக்கு மேல் வெற்றிடம் கிடக்கும். லண்டன் தட்டில் 12க்கும் 1க்கும் நடுவே கிட்டத்தட்ட 12 டிகிரி. முள் ஒரு கோணம், கோடுகள் வேறு ஊர்க் கணக்கு என்றால் அது அலங்காரத்துக்கு வார்த்த புதுச் சரக்கு. எவ்வளவு பச்சைக் களிம்பு ஏறியிருந்தாலும் காசைக் கொடுக்காதீர்கள்.

என் தட்டில் இரண்டும் ஒத்துப்போயின. அதனால் தேக்குத் துண்டில் ஒரு ஆப்பு செதுக்கி, தெற்கு ஓரத்தை நாற்பத்தொன்றரை டிகிரி தூக்கி, தட்டை வடக்கே சரியும்படி வைத்தேன். இப்போது நன்றாக ஓடுகிறது. ஒரே ஒரு குறை. மார்கழி நடுவில் கிட்டத்தட்ட எட்டரை வரை தட்டின் மேல் வெயிலே படாது. நம் தெருவில் வெயில் வந்து கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும், தட்டுக்கு மட்டும் லண்டன் இருட்டு.

சுவர்க் கடிகாரத்துக்குக் கணக்கு வேறு. தெற்குச் சுவர் என்றால் நம் அட்சரேகையில் ஊசி ஏறக்குறைய நேராக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கோடுகளும் மணிக்குப் பதினைந்து டிகிரி வீதம் ஏறக்குறையச் சமமாகப் பிரியும். ஆனால் ஏப்ரல் 16ஐ ஒட்டி சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, அப்புறம் ஆகஸ்ட் 27 வாக்கில் திரும்பி வரும்வரை உச்சிவேளையில் வடக்கே நிற்கும். அந்த நான்கு மாதமும் மத்தியானத்தில் தெற்குச் சுவர் நிழலில் கிடக்கும். சுவர்களைத் தேடுகிறவர்கள் தை, மாசி, பங்குனியில் போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை மேகத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

பையில் வேறென்ன? நூல், தூக்குக்குண்டு, சாக்பீஸ், ஒரு நோட்டு. திசைக்கு போனில் இருக்கும் காம்பஸை நம்பி நான் ஏமாந்திருக்கிறேன். செட்டிநாட்டு வீடுகளில் வார்ப்பிரும்புத் தூண், இரும்புக் கிராதி பக்கத்தில் நின்றால் அது கண்டபடி ஆடும். பழைய கொத்தனார்கள் சங்கு என்கிற நிழல் குச்சியை நட்டுத் திசை பார்த்த வழிதான் நம்பகமானது. ஒரு குச்சியைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நட்டு, அதைச் சுற்றி நூலால் ஒரு வட்டம் போடுங்கள். காலையில் நிழலின் நுனி வட்டத்துக்குள் நுழைகிற இடத்தில் ஒரு புள்ளி, பிற்பகலில் வெளியே போகிற இடத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு. ஒரு நாள் போய்விடும், பரவாயில்லை.

சரி, கடிகாரம் கிடைத்துவிட்டது. உங்கள் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போகவில்லை என்று குறை சொல்லாதீர்கள். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கானது. காரைக்குடி 78.8ல் இருக்கிறது. டிகிரிக்கு 4 நிமிடம் என்று வைத்தால் நாம் 15 நிமிடம் பின்னால். அதற்கு மேல் சூரியனே வருடத்துக்குள் முன்னே பின்னே ஓடும். பிப்ரவரி 11 வாக்கில் நம் ஊரில் உச்சி 12.29க்கு. சித்திரை முதல் தேதியில் 12.15. நவம்பர் தொடக்கத்தில் 12 அடிக்க ஒன்றரை நிமிடம் இருக்கும்போதே உச்சி. கடையில் நான் ஒட்டி வைத்திருப்பது இந்த மூன்று வரிகள்தான், நடுவில் உள்ள நாட்களை உத்தேசமாகப் போட்டுக்கொள்வேன். தட்டிலேயே திருத்த அட்டவணை பொறித்திருந்தால் வருடத்தையும் பாருங்கள். இந்திய நேரம் வந்தது 1906ல். அதற்கு முந்தைய அட்டவணை சென்னை நேரத்துக்கானதாக இருக்கலாம். அதற்கும் நமக்கும் 6 நிமிடம்தான் வித்தியாசம்.

பெரிய வீடுகளில் தேடுவது தனிக் கலை. பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும், சாவி வாட்ச்மேனிடம் இருக்கும், அவர் சம்மதிக்க வேண்டும். எங்கள் அப்பா கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று சைக்கிளில் போய் வீடு வீடாகக் கடிகாரங்களுக்குச் சாவி கொடுத்தவர், அந்தப் பழக்கத்தில் எனக்குச் சில கதவுகள் திறக்கும். “சூரியக் கடிகாரம் இருக்கா?” என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். “மாடியில மணி பாக்குற கல்லு ஏதாவது இருக்காண்ணே?” என்று கேளுங்கள். துளசி மாடத்தையும் தண்ணீர்த் தொட்டிப் பீடத்தையும் காட்டுவார்கள், அதையும் சிரித்த முகமாகப் பாருங்கள். கோட்டையூர் பக்கம் ஒரு வீட்டில் அப்படித்தான் இடுப்புயரச் சுண்ணாம்புத் தூண் ஒன்று கிடைத்தது. உச்சியில் நான்கு போல்ட் ஓட்டைகள், சுற்றிப் பச்சைக் களிம்பு வளையம். தட்டு இல்லை. மறுவாரம் என் தட்டையே தூக்கிக்கொண்டு போய் வைத்துப் பார்த்தேன். ஓட்டைகள் சேரவில்லை.

வளவையும், அதாவது வீட்டு நடுவில் தூண்கள் சூழ்ந்த திறந்த முற்றத்தையும், விட்டுவிடாதீர்கள். அப்பா போகிற வீடொன்றில் ஒரு ஆச்சி, நடுவாசல் வெயில் எந்தத் தூணில் ஏறியிருக்கிறது என்று பார்த்து, “மணி பத்தேகால் இருக்கும், பாத்துத் திருப்புங்க” என்பாராம். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தால் பத்து இருபது.

வெளியூருக்கு ஒரே ஒரு பயணம் சொல் என்றால் திருவிசநல்லூர். புதுக்கோட்டை, தஞ்சாவூர் வழியாகக் கும்பகோணம் போய், அங்கிருந்து பக்கம்தான். சிவயோகிநாதர் கோயில் மதிலில் அரைவட்டமாகக் கோடு செதுக்கிய கல் கடிகாரம் இருக்கிறது. தொடாதீர்கள், சாக்பீஸ் போடாதீர்கள், கைக்கடிகாரத்தையும் சேர்த்து போட்டோ எடுத்தால் போதும். நான் போனது ஒரு பங்குனித் தொடக்கம். நிழல் பார்க்க ஆசைப்பட்ட நேரத்தில் நடை சாத்தியிருந்தது. வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா, “நாலு மணிக்குத்தான் தம்பி தெறப்பாங்க” என்றார்.

உட்கார்ந்த இடத்தில் துரும்புக் கணக்கு போட்டேன். பதினாறு விரற்கடை நீளத்துக்கு ஒரு துரும்பு. அதை எல் மாதிரி மடக்கி, நிற்கிற பாகத்தின் நிழல் கிடக்கிற பாகத்தின் நுனியில் சரியாக விழும்வரை மடிப்பை நகர்த்த வேண்டும். நிற்கிற விரற்கடை எத்தனையோ அத்தனை நாழிகை. முற்பகல் என்றால் விடிந்து ஆனது, பிற்பகல் என்றால் பொழுது சாய இருப்பது. தலைக்கு மேலே சூரியன் போகிற நம் ஊர்களில்தான் இது இவ்வளவு நன்றாக ஒத்துவரும். அந்த அம்மாவின் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கு வாங்கி மடக்கினேன். எட்டு நின்றது. எட்டு நாழிகை என்றால் 3 மணி 12 நிமிடம். கைக்கடிகாரத்தில் மூன்றே கால். அப்படியென்றால் ஆறு இருபத்தேழுக்குப் பொழுது சாய வேண்டும். சாய்ந்தது ஆறு இருபது வாக்கில்.

“வெளக்குமாத்துக் குச்சியில என்னப்பா பாத்த?” என்று கேட்டார். சொன்னேன். அவரும் ஒன்று உருவி மடக்க ஆரம்பித்தார்.