ஏப்ரலில் துங்கநாத் நடை: வழியில் விலங்கு வந்தால் என்ன செய்வது?

உத்தராகண்டில் சோப்தாவிலிருந்து துங்கநாத் கோயிலுக்குக் கல் பாவிய பாதை உண்டு. சுமார் 4 கிலோமீட்டர், நல்ல ஏற்றம். வழி தவறுமோ என்ற பயம் வேண்டாம். புதிதாக வருபவர்கள் திணறுவது எதிரே விலங்கு வரும்போதுதான்.

1. வெளிச்சம் வந்த பிறகு கிளம்புங்கள்

கோயிலுக்கு மேலே சந்திரசிலா உச்சியில் சூரிய உதயம் பார்க்க நள்ளிரவு தாண்டியதுமே ஏறத் தொடங்குபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சிறுத்தையும் கரடியும் உள்ள காடு இது. அதோடு, இருட்டில் போனால் மோனாலைத் தவறவிடுவீர்கள். காலையில் புல்சரிவுகளில் அலகால் மண்ணைக் கிளறிக் கிழங்கும் பூச்சியும் தேடும் பறவை அது. சேவல் பச்சை, செம்பு, ஊதா என்று மின்னும். பெட்டை பழுப்புதான், கழுத்தடியில் மட்டும் வெள்ளை. பார்த்ததும் நின்றுவிடுங்கள். நெருங்கினால் சரிவில் பாய்ந்து பறந்துவிடும். பாறைகளில் இமாலய வரையாடும் தென்படலாம், கண்ணை மேலேயும் ஓட்டுங்கள்.

2. மணிச்சத்தம் கேட்டால் மலைப்பக்கம் ஒதுங்குங்கள்

இதை மட்டும் மறக்கவே கூடாது. மணி கட்டி வரும் கோவேறு கழுதையின் இருபுறமும் சுமை துருத்திக்கொண்டிருக்கும். இடிபட்டால் நீங்கள் சாய வேண்டியது மலைமேல், பள்ளத்தில் அல்ல. முதுகுப்பையையும் மலைப்பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். ஒன்று போனதும் பாதைக்கு வந்துவிடாதீர்கள், பின்னால் இன்னும் நாலு வரும். நீங்கள் முந்த வேண்டுமென்றால் ஓட்டுபவரிடம் குரல் கொடுங்கள். பின்பக்கமாகப் போய்த் தட்டினால் உதைதான் கிடைக்கும்.

3. மந்தைக்கு நடுவே நடக்காதீர்கள்

கோடை நெருங்கும்போது மேய்ப்பர்கள் ஆடுகளை மேட்டுப் புல்வெளிகளுக்கு, அதாவது புக்யால்களுக்கு ஓட்டிப் போவார்கள். கூட வரும் போட்டியா நாய்களின் கழுத்தில் சிறுத்தையிடமிருந்து காக்க முள்பட்டை இருக்கும். கொஞ்சுவதற்கான நாய் அல்ல. ஓடாமல் நின்று, "பையா" (இந்தியில் அண்ணா) என்று மேய்ப்பரைக் கூப்பிடுங்கள். அவர் அதட்டியதும் மந்தையைச் சுற்றிக்கொண்டு போகலாம்.

4. இறங்கும்போது குறுக்கே வெட்டாதீர்கள்

மேல்பகுதியில் ஏப்ரலிலும் பனி கிடக்கலாம். மிதிபட்டு இறுகிய பனி வழுக்கும், ஊன்றுகோல் அவசியம். பனி உருகிய ஈரப் புல்லில் நாலு பேர் குறுக்கே நடந்தாலே மண் பெயரும், மழை அதை ஓடையாக்கிவிடும். கல்பாதையிலேயே இறங்குங்கள். அப்புறம், கீழே வந்ததும் லங்கூர் குரங்குகளுக்கு பிஸ்கட் நீட்ட வேண்டாம். சுற்றியிருப்பது கேதார்நாத் வனவிலங்கு சரணாலயத்துக் காடு, தின்ன அவற்றுக்கு நிறையவே இருக்கிறது.