சோலார் பேனலைக் கடைசியில் வாங்குங்கள்

பசுமை வீடு என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கூரைமேல் மின்னும் சோலார் பேனல்தான். அதனால் வீட்டைச் சீர்படுத்த எண்ணுகிறவர்கள் பேனலில் தொடங்கி, பணம் மிஞ்சினால் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே என் கருத்து. வீட்டுக்குள் நுழையும் வெப்பத்தைத் தடுத்து, மின்செலவைச் சுருக்கி, அதற்குப் பிறகும் எஞ்சும் தேவைக்கு மட்டும் பேனல் வாங்கினால், அதன் அளவு நாம் நினைத்திருந்ததைவிடச் சிறியதாகவே அமையும்.

முதல் வேலைக்கு ஒரு தாளும் பேனாவும் போதும். வீட்டிலுள்ள ஒவ்வொரு மின்கருவியின் வாட் அளவையும் அது நாளொன்றுக்கு ஓடும் மணிநேரத்தால் பெருக்கி, 1000 ஆல் வகுத்தால், அது செலவழிக்கும் யூனிட் தெரிந்துவிடும். பழைய வகை மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் இழுக்கிறது. பிஎல்டிசி எனப்படும், பிரஷ் இல்லாத சிக்கன மோட்டார் பொருத்திய விசிறிக்கு 30 வாட் அளவே போதும். நான்கு விசிறிகள் தினமும் 12 மணி நேரம் சுற்றும் வீட்டில் இந்த ஒரு மாற்றம் மட்டுமே 2 யூனிட்டுக்கு மேல் மிச்சப்படுத்தும். நல்ல வெயில் உள்ள இடத்தில் 1 கிலோவாட் பேனல் ஒரு நாளில் தருவது சராசரியாக 4 யூனிட் என்பதால், விசிறியை மாற்றியவர் அரை கிலோவாட் பேனலை வாங்காமலே பெற்றுவிடுகிறார். 60 வாட் குண்டு பல்பு இன்னும் எங்கேனும் எரிந்துகொண்டிருந்தால், அந்த வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தந்துவிடும். குளிர்சாதனப் பெட்டி விட்டுவிட்டு இயங்குவதால் அதற்கு இந்தப் பெருக்கல் பொருந்தாது. பிளக்கில் செருகி அளக்கும் சிறிய மீட்டரை ஒரு முழு நாள் வைத்துப் பார்ப்பதே சரியான வழி.

அடுத்தது வெப்பம். வெயில் மிகுந்த பகுதிகளில் மேல்தளத்து அறைகள் கொதிப்பதற்குப் பெரும்பாலும் கூரையே காரணம். மொட்டைமாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே வெயிலின் பெரும்பகுதி உள்ளே இறங்காமல் திரும்பிவிடும். ஆனால் மழையில் கரைந்தும் தூசு படிந்தும் வெண்மை மங்குவதால், கோடைக்கு முன் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். கிழக்கு, மேற்கு ஜன்னல்களில் காலையும் மாலையும் வெயில் தாழ்வாக, நேராக விழுவதால், ஜன்னலுக்கு மேலே நீட்டிய சன்ஷேட் அங்கே அவ்வளவாகப் பயன்படாது. தட்டி, செங்குத்துப் பலகை, மரம் போன்ற ஏதாவது ஒன்று வெளிப்புறத்தில் நின்று மறைக்க வேண்டும். உள்ளே திரை தொங்கவிடுவது இரண்டாம்பட்சமே, ஏனெனில் கண்ணாடியைத் தாண்டிவிட்ட வெப்பத்தில் பெரும்பங்கு அறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

கட்டுமானப் பொருள்களில் மறுபயன்பாடு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குச் சிமென்ட் ஒன்றே போதிய விளக்கம். சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 1450 டிகிரி செல்சியஸில் சுட்டே அது தயாராகிறது. உலகின் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் சுமார் 8 விழுக்காடு இந்தத் தொழிலிலிருந்து வருகிறது. அதில் பாதிக்கும் மேல் எரிபொருளிலிருந்து வருவதில்லை, அந்தக் கல்லே உடைந்து வெளியிடுவது. ஆகவே சூளைக்கு எந்த எரிபொருளைப் போட்டாலும் அந்தப் பங்கு குறையாது. ஏற்கெனவே நிற்கும் சுவரை இடிக்காமல் விடுவதே இதில் முதல் சிக்கனம். இடித்தே ஆக வேண்டுமானால், சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவரின் செங்கல்கள் உடையாமல் பிரியும். சிமென்ட் காரையில் கட்டியவை பெரும்பாலும் உடைந்துதான் வரும். பிரித்த செங்கல் இரண்டை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள்; கணீரென்று ஒலித்தால் அது சூளையில் நன்றாக வெந்தது. ஐயம் இருந்தால் உலர்ந்த எடையைக் குறித்துக்கொண்டு, 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து மீண்டும் எடை போடுங்கள். எடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருந்தால் அந்தக் கல்லைச் சுவருக்கு எடுக்காதீர்கள்.

பழைய நிலைச்சட்டம், கதவு, ஜன்னல்களை வாங்க எண்ணுகிறவர்கள் அவற்றை முதலில் வாங்கிவிட்டு, அந்த அளவுக்குச் சுவரில் இடைவெளி விடும்படி கொத்தனாரிடம் சொல்ல வேண்டும். சுவர் எழும்பிய பிறகு பொருத்தமான கதவைத் தேடி அலைந்தால், நல்ல மரத்தை வெட்டிக் குறைப்பதில்தான் முடியும். கரையான் அரித்த ஓட்டை, உள்ளே மறைந்த ஆணி ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கலாம் என்பதால் அதை உலர்வாகத் தேய்த்துத் தூசு கிளப்பாமல், ஈரப்படுத்திச் சுரண்டுவதே பாதுகாப்பு. ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை உடைக்கவோ, துளையிடவோ, வேறொன்றுக்குப் பயன்படுத்தவோ கூடாது. துருவேறி மெலிந்த கம்பி கான்கிரீட்டுக்கு ஆகாது. (பழைய டயருக்கு வர்ணம் தீட்டி முற்றத்தில் வைப்பதில் எனக்கு அவ்வளவு உற்சாகமில்லை, புதிதாக வாங்கவிருந்த ஒரு பொருளின் இடத்தில் பழையது வந்து உட்கார்ந்தால்தான் அதை மறுபயன்பாடு என்று கணக்கில் சேர்ப்பேன்.)

மழைநீரின் கணக்கு எளிது. 1 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரைக்கு 10 மில்லிமீட்டர் மழை 1000 லிட்டர் தரும். சிதறலும் ஆவியாதலும் போக 800 லிட்டரைக் கொண்டு தொட்டியைத் திட்டமிடுங்கள். முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள்.

இப்போது பேனலுக்கு வரலாம். அது பூமத்திய ரேகை இருக்கும் திசையைப் பார்த்து, ஏறத்தாழ அந்த இடத்தின் அட்சரேகை அளவுக்குச் சாய்ந்திருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் நிழலோ மரக்கிளையின் நிழலோ ஒரு பேனலின் மூலையில் விழுந்தாலும் அதனுடன் தொடராக இணைந்த மற்றவற்றின் உற்பத்தியும் குறையக்கூடும் என்பதால், நிறுவும் முன் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் கூரைக்கு ஏறிப் பாருங்கள். சிலிக்கான் பேனலுக்கு வெளிச்சம் வேண்டும், சூடு ஆகாது. பேனலின் சூடு 25 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் திறன் ஏறத்தாழ 0.4 விழுக்காடு இறங்குகிறது. ஆகவே கூரையோடு ஒட்டிவைக்காமல், அடியில் காற்று புகும்படி உயர்த்திப் பொருத்தச் சொல்லுங்கள்.

பேனல் தரும் நேர்மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்ற மாறுமின்சாரமாக மாற்றும் கருவியே இன்வெர்ட்டர். மின்வாரிய இணைப்போடு சேர்ந்து இயங்கும் சாதாரண இன்வெர்ட்டர், வெளியே மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பியில் பழுது பார்ப்பவரைக் காப்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். இது தெரியாமல் பேனல் போட்டுவிட்டு, முதல் மின்தடையில் இருட்டில் உட்கார்ந்து ஏமாந்தவர்கள் நிறைய. மின்தடையின்போதும் விளக்கு எரிய வேண்டுமானால், பேட்டரியிலிருந்தும் இயங்கக்கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் அதற்கேற்ற பேட்டரியும் தேவை. அந்தப் பேட்டரியின் அளவையும் முதலில் எழுதிய தாளே சொல்லிவிடும், ஏனெனில் இரவில் ஓட வேண்டிய விசிறியும் விளக்கும் அதில் ஏற்கெனவே வாட் கணக்கோடு இருக்கின்றன.