பல்கலைக்கழக விண்ணப்பப் பட்டியல்: திருக்கோணமலையிலிருந்து ஒன்ராறியோ வந்த குடும்பங்களுக்கு

ஊரில் பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் வழி நமக்குப் பழகியது. உயர்தரப் பரீட்சை முடிவு வந்து இசட் புள்ளி (அனுமதிக்குக் கணக்கிடும் தரப்புள்ளி) தெரிந்த பிறகு, திருக்கோணமலை மாவட்டத்துக்குக் கடந்த ஆண்டு நின்ற வெட்டுப்புள்ளிகளை, அதாவது இடம் கிடைத்த கடைசிப் புள்ளிகளைப் பார்த்து, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் துறைகளை விருப்ப வரிசையில் எழுதுவோம். இறுதியில் கைக்கு வருவது ஒரே ஓர் இடம்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இது தலைகீழாக நடக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு பாதியில் இருக்கும்போதே, சனவரி நடுப்பகுதிக்குள், ஒன்ராறியோ பல்கலைக்கழக விண்ணப்ப மையத்தின் வழியாக விண்ணப்பித்துவிட வேண்டும். மாவட்டத்துக்கென ஒதுக்கிய இடப் பங்கு இல்லை. ஊரில்போல மாவட்ட வெட்டுப்புள்ளியும் இல்லை. ஒரே பிள்ளைக்கு மூன்று நான்கு அனுமதிகள் வரலாம். அவற்றில் ஒன்றை யூன் தொடக்கத்துக்குள் ஏற்கும்படி கேட்பார்கள். ஆகவே, ஊரில் ஆணைக்குழு செய்த கணக்கை இங்கே பட்டியல் போடும்போதே குடும்பம்தான் செய்தாக வேண்டும்.

திருக்கோணமலையின் உவர்மலையிலிருந்து வந்து இரண்டு ஆண்டுகளான ஒரு குடும்பத்தின் பட்டியலை அண்மையில் பார்த்தேன். கொப்பித் தாளில் ஐந்து வரிகள். வோட்டர்லூ பல்கலைக்கழகத்தில் மென்பொருள் பொறியியல், கணினி அறிவியல். ரொறன்ரோவில் கணினி அறிவியல், பொறியியல். கடைசியாக மக்மாஸ்டரில் சுகாதார அறிவியல். மகளின் சராசரி 84. கெட்டிக்காரப் பிள்ளை, ஆனால் ஐந்தும் தொண்ணூறுகளில் உள்ளவர்களே தடுமாறும் கதவுகள். மக்மாஸ்டரின் அந்தத் துறைக்குப் பாடப் புள்ளியோடு தனியான துணை விண்ணப்பமும் தேவை என்பதை வீட்டில் யாரும் அறிந்திருக்கவில்லை. கோயில் வீதியில் யாராவது கேட்டால் சொல்வதற்கு ஏற்ற பெயர்கள் என்பதைத் தவிர, அந்தப் பட்டியலில் பிள்ளைக்கென்று எதுவும் இருக்கவில்லை என்பதே எனக்கு வருத்தமாக இருந்தது.

பெயர்களை எழுதும் முன் சில விடயங்களை உறுதிப்படுத்துங்கள். பல்கலைக்கழகங்கள் பொதுவாக ஆங்கிலம் உட்படப் பன்னிரண்டாம் வகுப்பின் ஆறு சிறந்த பாடங்களின் சராசரியைப் பார்க்கின்றன. பொறியியலுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் கட்டாயம். அந்தப் பாடங்களை எடுக்காத பிள்ளைக்கு எவ்வளவு உயர்ந்த சராசரியும் உதவாது. கனடாவில் சில ஆண்டுகளே படித்தவர்களிடம் பல பல்கலைக்கழகங்கள் ஐஇஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் தேர்ச்சிச் சான்று கேட்கும்; கடைசி மாதத்தில் அதற்கு ஓட வேண்டாம். குடிவரவு நிலையையும் முதலிலேயே கேட்டறியுங்கள்: நிரந்தர வதிவிட உரிமை பெற்றவருக்கும் பெறாதவருக்கும் கட்டணத்தில் பல மடங்கு வேறுபாடு வரலாம், ஓசாப் எனும் ஒன்ராறியோ அரசின் மாணவர் நிதியுதவியும் அந்த நிலையைப் பொறுத்ததே.

அடிப்படை விண்ணப்பக் கட்டணத்தில் மூன்று தெரிவுகள் அடங்கும். அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். ஒரே பல்கலைக்கழகத்துக்கு மூன்றுக்கு மேல் எழுத முடியாது. ஆறு அல்லது ஏழு தெரிவுகள் போதும் என்பது என் எண்ணம். கனவுத் துறை ஒன்றோ இரண்டோ இருக்கட்டும், அதை நான் ஒருபோதும் தடுக்க மாட்டேன். பிள்ளையின் இன்றைய சராசரிக்கு அருகில் அனுமதி கிடைத்துவரும் துறைகள் மூன்று இருக்கட்டும். அந்த வீச்சைப் பள்ளியின் வழிகாட்டல் ஆலோசகரிடம் கேட்கலாம், பல்கலைக்கழகங்களின் இணையத் தளங்களிலும் பார்க்கலாம்.

அதிக நேரம் செலவிட வேண்டியது உறுதியாகக் கிடைக்கக்கூடிய கடைசி இரண்டில்தான். பெரும்பாலான குடும்பங்கள் அந்த இடத்தை, பிள்ளை ஒருநாளும் போக விரும்பாத ஒரு பெயரால் நிரப்பிவிடுகின்றன. அங்கே போய்ப் பாருங்கள், பாடத்திட்டத்தைப் படியுங்கள், கோ-ஒப் (படிப்பின் இடையே வேலை அனுபவம் பெறும் ஏற்பாடு) உண்டா என்று கேளுங்கள், விடுதிச் செலவையும் பேருந்து நேரத்தையும் கணக்கிடுங்கள். பிள்ளை மனமுவந்து போகாத இடமும் குடும்பத்தால் கட்டணம் செலுத்த முடியாத இடமும் எவ்வளவு எளிதில் கிடைத்தாலும் பாதுகாப்பான தெரிவுகள் அல்ல.

அந்த உவர்மலைப் பிள்ளை இரண்டு வரிகளை வெட்டிவிட்டு யோர்க், ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகங்களைச் சேர்த்தாள். ஒசாவாவிலுள்ள ஒன்ராறியோ ரெக் பல்கலைக்கழகத்தைத் தாயோடு நேரில் போய்ப் பார்த்து, ஆய்வுகூடத்தில் ஒரு மணி நேரம் நின்ற பிறகு, தானாகவே கடைசி வரியில் எழுதினாள். அனுமதி நிபந்தனையோடு வருவதால், கடிதம் கிடைத்த பின்னும் இறுதித் தவணைப் புள்ளியைக் கைவிடக் கூடாது என்பதைத் தாய் அந்தத் தாளின் அடியில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார்.