செயினை இறுக்காதீர்கள்: நெடும்பயணத்தில் பைக்கை வழியில் நிறுத்தும் தவறுகள்

போன மாதம் ஒரு பயணம் கிளம்பிய விடியற்காலை. கூட வந்த தம்பி ஒருவர் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பின்சக்கரத்தின் பக்கத்தில் குந்தியிருந்தார். "செயின் தொங்குச்சுண்ணே, டைட் வச்சிட்டேன். இனி ஆயிரம் கிலோமீட்டருக்குக் கவலையில்ல." விரலால் தட்டிப் பார்த்தேன். வீணைத் தந்தி மாதிரி நின்றது. பல வருடங்களுக்கு முன் இதே பெருமிதத்தோடு நானும் குந்தியிருந்தேன்.

பெட்ரோல் பார்க்காமல் கிளம்புவது, மழைக்கோட்டை மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை பட்டால் தானாகத் திருந்திவிடுவோம். பட்ட பிறகும் எதனால் பட்டோம் என்றே தெரியாத சில தவறுகள்தான் விஷயம்.

கிளம்பும் முன் செயினை இறுக்குவது

செயின் கொஞ்சம் தொங்கத்தான் வேண்டும். முன் ஸ்ப்ராக்கெட் (இன்ஜின் பக்கம் செயின் ஓடும் பல்சக்கரம்) ஓரிடத்தில் சுழல்கிறது. பின்சக்கரத்தைத் தாங்கும் கை, அதாவது ஸ்விங்ஆர்ம், அதற்குச் சற்றுப் பின்னால் வேறொரு போல்ட்டில் ஆடுகிறது. வண்டி காலியாக நிற்கும்போது பின்சக்கரம் தாழ்ந்திருக்கும். ஆள் ஏறி, பையைக் கட்டி, ஒரு பள்ளத்திலும் இறங்கினால் சஸ்பென்ஷன் அமுங்கிச் சக்கரம் மேலே வரும். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங்ஆர்ம் போல்ட், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது ஸ்ப்ராக்கெட்டுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே தூரம் அதிகபட்சமாகிறது. அந்தத் தூரத்துக்கான செயின்தான் காலி வண்டியில் தொய்வாகத் தெரிகிறது. சாலை பைக்குகள் பலவற்றில் இது சுமார் 25 முதல் 35 மில்லிமீட்டர். சஸ்பென்ஷன் நெடுக இறங்கி ஏறும் அட்வென்ச்சர் வண்டிகளில் இன்னும் அதிகம். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். பல வண்டிகளில் ஸ்விங்ஆர்மிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள்.

அதை இறுக்கிவிட்டால் ஒவ்வொரு பள்ளமும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டைப் பின்னால் இழுக்கும். பேரிங் அடிவாங்கும், ஆயில் சீல் கசியும், செயின் சூடேறும்.

நான் செய்தது இதோடு நிற்கவில்லை. தேய்ந்த செயின் எல்லா இடத்திலும் ஒரே அளவு நீளாது. நான் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்காமல், தற்செயலாகத் தொய்வான இடத்தில் அளந்து இறுக்கினேன். இறுக்கமான இடம் எப்படியிருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பின்சீட்டில் நண்பர், இரண்டு பக்கமும் பெட்டி. இருநூறு கிலோமீட்டர் தாண்டியதும் கால் வைக்கும் ஃபுட்பெக்கில் ஓர் உறுமல். சாலை சரியில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். நிறுத்திய இடத்தில் முன் ஸ்ப்ராக்கெட் மூடியின் கீழே ஆயில் ஈரம். துணியை எடுத்துத் துடைத்தேன். துடைத்துவிட்டுக் கிளம்பினேன்! இன்றைக்கும் எரிச்சல் வருவது செயினை இறுக்கியதற்காக அல்ல, அந்தத் துணிக்காக.

அடுத்த அறுபது கிலோமீட்டரில் ஒரு சத்தம். செயின் அறுந்து முன் ஸ்ப்ராக்கெட்டில் சுருண்டு, இன்ஜின் கேஸை உடைத்துவிட்டிருந்தது. சாலையில் ஆயில் கோடு. கீழே விழாமல் ஓரம் சேர்ந்தது எங்கள் நல்ல நேரம். மூன்று மணி நேரம் கழித்து வண்டி ஏற்ற வந்தவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கெளம்புறதுக்கு முன்னாடி செயின் டைட் வச்சீங்களா?" கேஸை மாற்ற இன்ஜினை முழுதாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அந்தச் செலவில் எத்தனை செயின் வாங்கியிருக்கலாம் என்று கணக்குப் போடுவதை விட்டுவிட்டேன்.

ஆகவே: சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் அளந்து, மிக இறுக்கமான இடத்தை வைத்துச் சரிசெய்யுங்கள். ஆக்சிலின் இரண்டு பக்கமும் உள்ள அளவுக் குறி ஒன்றாக இருக்கட்டும். ஆக்சில் நட்டை முறுக்கிய பிறகு இன்னொரு தடவை அளங்கள். முறுக்கும்போதே அளவு மாறும். பிறகு சுமையோடு ஆளை உட்காரவைத்து விரலால் தள்ளிப் பாருங்கள், அப்போதும் ஆட வேண்டும். இறுக்கத்துக்கும் தொய்வுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் அட்ஜஸ்ட்மென்ட் எதற்கும் உதவாது, செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டியதுதான். கிளிப் வைத்த செயின் லாக் என்றால் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். சந்தேகமென்றால் லேசாகத் தொய்வாகவே விடுங்கள்.

அந்தத் தம்பியையும் பெட்டியோடு ஏறி உட்காரச் சொன்னேன். செயின் அசையவே இல்லை. ஸ்பானரை அவரே எடுத்தார்.

செத்த பேட்டரியோடு வண்டியைத் தள்ளுவது

கார்புரேட்டர் காலத்து யோசனை. எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டியில் பெட்ரோல் பம்புக்கும், இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசியூவுக்கும் கரன்ட் வேண்டும். டிஸ்ப்ளேகூட எரியாத வண்டியை மேட்டிலிருந்து உருட்டினாலும் மூச்சு வாங்குவதுதான் மிச்சம். புது பேட்டரி வாங்கும் முன் ஜம்ப் கொடுத்து ஸ்டார்ட் செய்து, இன்ஜினைக் கொஞ்சம் முறுக்கி, பேட்டரி முனையில் மல்ட்டிமீட்டர் வையுங்கள். 13.5 முதல் 14.5 வோல்ட் வரை வந்தால் சார்ஜிங் சரி. 12-லேயே நின்றால் கோளாறு கரன்ட் உண்டாக்கும் ஸ்டேட்டரிலோ, அதை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் ரெக்டிஃபையரிலோ, வயரிங்கிலோ. புது பேட்டரியும் அடுத்த ஊருக்குள் செத்துவிடும்.

ஆணியைப் பிடுங்குவது

பஞ்சர் கிட் கையில் வரும்வரை டியூப்லெஸ் டயரில் தொடாதீர்கள்.

"வண்டி ஸ்டார்ட் ஆகல" என்று மட்டும் சொல்லி உதவி கேட்பது

எதிர்முனையில் இருப்பவர் என்ன எடுத்துக்கொண்டு வருவார்? டயர் டியூப்பா டியூப்லெஸ்ஸா, செல்ஃப் சுற்றுகிறதா, டிஸ்ப்ளே எரிகிறதா, சக்கரம் உருளுகிறதா, எந்தக் கிலோமீட்டர் கல், சாலையின் எந்தப் பக்கம். இவ்வளவும் சொன்னால்தான் சரியான ஆள் சரியான சாமானோடு வருவார். கூப்பிடும் முன் இன்ஜினை அணைக்கும் கில் சுவிட்சையும் சைடு ஸ்டாண்டையும் பாருங்கள். சிரிக்காதீர்கள், இதற்காகவே ஒருமுறை ஒரு லாரி வந்து திரும்பியது.

வண்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது

தள்ளிப் போங்கள். சாலையோரத் தடுப்புக்கு அந்தப்பக்கம்.

ஏற்றிய லாரியில் சைடு ஸ்டாண்டில் நிறுத்துவது

நிமிர்த்தி, முன் ஃபோர்க் பாதி அமுங்கும்படி இரண்டு பக்கமும் பெல்ட் கட்டச் சொல்லுங்கள். பெல்ட் ஹேண்டில் கிரிப்பில் வேண்டாம், ஃபோர்க்கின் கீழ்த் தாங்கியில் போடட்டும். பக்கத்தில் நின்று பாருங்கள்.

கயிறு கட்டி இழுப்பது

வேண்டவே வேண்டாம்.