தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளும் கைபேசியும்: வீடும் பள்ளியும் சேர்ந்து செய்யும் தவறுகள்

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ‘எங்க கிளாஸ்ல எல்லார்கிட்டயும் போன் இருக்கு, எனக்கு மட்டும்தான் இல்ல’ என்று அழும்போது, பெற்றோர் அந்தப் பேச்சின் பின்பாதிக்கே பதில் தேடுகிறார்கள். வாங்கித் தருவதா, மறுப்பதா என்று வீட்டுக்குள் விவாதம் நடக்கிறது. முன்பாதி உண்மையா என்று யாரும் விசாரிப்பதில்லை. எங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான் உறுப்பினராக இருந்த காலத்தில், ஒரு கூட்டத்தில் இதைப் பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்தோம். பிள்ளைக்கென்று தனியாகப் போன் வாங்கித் தந்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் அனைவரும் ‘ஊரெல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டது, நாம்தான் பிடிவாதமாக இருக்கிறோம்’ என்று நினைத்து, அடுத்த பிறந்தநாளுக்குள் வாங்கிவிடும் மனநிலையில் இருந்தார்கள்.

இதை ஒவ்வொரு வீடும் தனித்தனியே தீர்த்துக்கொள்ள வேண்டிய விவகாரமாக எண்ணுவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் மூலம். தொடக்கப் பள்ளி வயதில் பிள்ளையின் உலகம் அதன் வகுப்புதான். மதியச் சாப்பாட்டு வரிசையில் எந்த விளையாட்டைப் பற்றிப் பேச்சு ஓடுகிறதோ, அதை அறியாத பிள்ளை அன்றைக்கு வெளியாளாகிவிடுகிறது. ஆகவே தனியாக மறுக்கும் வீடு தன் பிள்ளையைத் தனிமைப்படுத்துகிறது. தனியாக வாங்கித் தரும் வீடு மற்ற முப்பது வீடுகளின் மீது அழுத்தத்தைக் கூட்டுகிறது. அயர்லாந்தின் விக்லோ மாவட்டத்தில் கிரேஸ்டோன்ஸ், டெல்கனி ஆகிய ஊர்களைச் சேர்ந்த எட்டுத் தொடக்கப் பள்ளிகளின் பெற்றோர் சங்கங்கள் 2023 மே மாதம் இந்த முடிச்சைத்தான் அவிழ்க்க முயன்றன. பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்வரை ஸ்மார்ட்போன் வாங்கித் தருவதில்லை என்று அவர்கள் கூடிப் பேசி ஒப்புக்கொண்டார்கள். சட்டமோ தண்டனையோ இல்லாத, விருப்பமுள்ளவர்கள் மட்டும் சேரும் உடன்பாடு அது. எட்டாம் வகுப்புவரை ஸ்மார்ட்போன் வேண்டாம் என்று உறுதி எடுக்கும், அமெரிக்காவில் 2017இல் தொடங்கிய ‘வெயிட் அன்டில் 8த்’ (எட்டாம் வகுப்புவரை காத்திருப்போம்) என்ற பெற்றோர் இயக்கமும் இதே கணக்கை வேறு வழியில் போட்டது: ஒரே பள்ளியில் ஒரே வகுப்பைச் சேர்ந்த 10 குடும்பங்கள் கையெழுத்திட்ட பிறகே அந்த உறுதிமொழி நடைமுறைக்கு வரும். பத்து பேர் இருந்தால் ‘எல்லாரிடமும் இருக்கிறது’ என்ற வாதம் வலுவிழந்துவிடும்.

நம் ஊரில் இதற்கான இடம் ஏற்கெனவே இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு இருந்தாக வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். கழிப்பறைக் கதவு, சுற்றுச்சுவர், குடிநீர்த் தொட்டி ஆகியவற்றைப் பேசும் அந்தக் கூட்டத்தில் போனைப் பற்றிப் பேச ஏனோ கூச்சப்படுகிறோம். அது வீட்டு விவகாரம் என்று நினைக்கிறோம். பேசத் தொடங்கிவிட்டாலோ, நேர்மாறான தவறு வந்துவிடுகிறது. பத்துப் பன்னிரண்டு விதிகளைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஏற்கெனவே போன் வாங்கித் தந்தவர்களை எல்லார் முன்னிலையிலும் குற்றவாளியாக்கிவிடுகிறோம். அப்பா வளைகுடா நாட்டிலும் அம்மா வேலையிலும் இருக்க, ஆத்தாவுடன் வளரும் பிள்ளைக்கு அந்தப் போன்தான் அப்பாவின் முகம் தெரியும் சன்னல். அவர்களைச் சேர்த்துக்கொண்டே ஓர் உடன்பாட்டுக்கு வர வேண்டும். ஐந்தாம் வகுப்பு முடியும்வரை தனிப் போன் வேண்டாம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எந்தப் போனும் பிள்ளையின் கைக்குப் போக வேண்டாம் என்ற இரண்டு வரிகளே போதுமானவை.

இனி பள்ளியின் பக்கம் வருவோம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் மீண்டும் திறந்தன. இடைப்பட்ட மாதங்களில், கல்வித் தொலைக்காட்சி ஒருபுறம் இருக்க, பல வீடுகளில் போனே வகுப்பறையாக இருந்தது. அன்றைக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் பள்ளி திறந்த பிறகும் வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கத்தைப் பல பள்ளிகள் விடவில்லை. டைரியில் எழுதித் தருவதைவிட, பலகையைப் படம் எடுத்து அனுப்புவது ஆசிரியருக்கு எளிது என்பது உண்மைதான். ஆனால் அந்த எளிமைக்கு விலை கொடுப்பது பிள்ளை. வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவின் சட்டைப் பையில் வேலைக்குப் போய்விடுகிறது. அவர் எட்டு மணிக்கு வந்த பிறகு, சார்ஜ் போட்டு, குழுவில் வந்து குவிந்த அறுபது செய்திகளைத் தள்ளி, படத்தைப் பெரிதாக்கி, பிள்ளை எழுத உட்காரும்போது கண் சொக்குகிறது. எழுதி முடித்ததும் போனைத் திருப்பிக் கொடுக்கிற பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை. அடுத்த அரைமணி நேரம் ரீல்ஸ்தான். ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணிநேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் கணக்கு. காலை ஏழரை மணிக்கு வேன் வரும் வீட்டில் அது எந்த நேரத்தில் தொடங்கியாக வேண்டும் என்பதைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் தெரியும். போனைப் பிள்ளையிடம் தராதீர்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் அறிவுரை சொல்லிவிட்டு, அன்று மாலையே ‘யூடியூபில் இந்தப் பாடலைப் பார்த்து ஆடிக்காட்டி வீடியோ அனுப்பவும்’ என்று செய்தி போடுகிற பள்ளியை என்னவென்று சொல்வது? தொடக்க வகுப்புகளின் வீட்டுப்பாடம் போன் இல்லாமல் செய்து முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வருவது விடுமுறை அறிவிப்பும் அவசரச் செய்தியும் மட்டுமாக இருந்தால் நல்லது.

பெற்றோருக்கான வகுப்புக் குழு தனிக் கதை. இடைவேளையில் இரண்டு பிள்ளைகள் பென்சிலுக்காக அடித்துக்கொள்கின்றன. மறுநாள் காலையில் இரண்டும் தோள்மேல் கைபோட்டுக்கொண்டு நிற்கின்றன. ஆனால் முந்திய இரவே அடிபட்ட பிள்ளையின் அம்மா, அதன் கையைப் படம் எடுத்து, அடித்த பிள்ளையின் பெயரையும் போட்டு, குழுவில் பதிவிட்டிருப்பார். முப்பது வீடுகள் அதைப் படித்திருக்கும். சிலர் ‘அந்தப் பையன் என் மகளையும் கிள்ளினான்’ என்று சேர்ந்துகொள்வார்கள். அந்தப் பையனின் அப்பா தன் சாதிப் பெருமையையோ கட்சிச் செல்வாக்கையோ இழுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பிள்ளைகளின் சண்டைக்கு மறதி என்ற மருந்து இருக்கிறது. பெரியவர்கள் எழுதி வைத்ததற்கு அது கிடையாது. ஏழு வயதில் ஒட்டிய ‘முரடன்’ என்ற பட்டம் ஐந்தாம் வகுப்புவரை அந்தப் பிள்ளையின் பின்னால் வரும். மற்றொரு வீட்டுப் பிள்ளையைப் பற்றிய புகார் எதுவாயினும் அது வகுப்பாசிரியரிடம் நேரில் போக வேண்டும். பொதுக் குழுவில் பிள்ளையின் பெயர் வரவே கூடாது. நிர்வாகி மட்டும் செய்தி அனுப்பும்படி குழுவை மாற்றி வைக்கும் வசதி வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது. அதைச் செய்தாலே பாதிச் சண்டை அடங்கிவிடும். மீதிப் பாதி பள்ளி வாசலில் நடக்கும். அங்கே முகம் பார்த்துப் பேசுவதால் சொற்கள் கொஞ்சம் மட்டுப்படும்.

படங்களிலும் இதே கவனக்குறைவு. ஆண்டு விழாவில் ஆடிய பிள்ளைகளின் படத்தை, பள்ளிப் பெயர் பொறித்த பேனரோடும் பிள்ளையின் முழுப்பெயரோடும் முகநூலில் போடுவது பள்ளிக்கு விளம்பரம், பெற்றோருக்குப் பெருமை. பார்க்கும் அந்நியருக்கோ அது பெயர், முகம், வகுப்பு, இடம் ஆகியவை ஒன்றாகக் கிடைக்கும் அடையாள அட்டை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தை என்றே வரையறுத்து, அவர்களுடைய தரவுகளைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சேர்க்கைப் படிவத்தில் எங்கோ ஒரு மூலையில் வாங்கிய கையெழுத்தை எல்லாவற்றுக்குமான ஒப்புதலாகப் பள்ளி எடுத்துக்கொள்வதும், தன் மகளின் படத்தோடு பக்கத்து வீட்டுப் பிள்ளையின் படத்தையும் கேட்காமல் ஸ்டேட்டஸில் வைக்கும் பெற்றோரின் பழக்கமும் ஒன்றுக்கொன்று குறைந்தவை அல்ல.

போன் வேண்டாம் என்று உறுதியாக இருப்பவர்கள் ஸ்மார்ட் வாட்ச் விஷயத்தில் ஏமாந்துபோகிறார்கள். வேனில் போகும் பிள்ளை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் நல்லதுதானே என்று, சிம் போடும் கடிகாரத்தைக் கட்டி அனுப்புகிறார்கள். அவற்றில் சில, வெளியிலிருந்து அழைத்தால் பிள்ளைக்கே தெரியாமல் சுற்றியுள்ள பேச்சைக் கேட்கவைப்பவை. ஜெர்மனியின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு 2017 நவம்பரில் இத்தகைய குழந்தைகள் கடிகாரங்களின் விற்பனைக்குத் தடை விதித்தது. பாடம் நடக்கும்போது ஆசிரியர் என்ன பேசுகிறார் என்று பெற்றோர் அவற்றின் வழியாக ஒட்டுக்கேட்பதையும் அது காரணமாகச் சுட்டியது. வகுப்பில் இருக்கும் மற்ற பிள்ளைகளின் பேச்சும் அதில் சேர்த்துத்தான் கேட்கிறது என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆகவே பள்ளியின் விதியில் ‘கைபேசி’ என்று மட்டும் எழுதாமல், பேசவும் படம் எடுக்கவும் வல்ல எந்தக் கருவியும் என்று எழுதுவது நல்லது. வேன் தாமதமானால் தகவல் சொல்ல வேண்டியது ஓட்டுநரின் பொறுப்பு. அவருடைய எண்ணும் உதவியாளர் எண்ணும் வீட்டில் இருந்தால் பிள்ளையின் மணிக்கட்டில் எதுவும் தேவைப்படாது.

கண் கெட்டுவிடும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் அதற்குச் செய்யும் பரிகாரம்தான் தவறு. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி என்று கடைக்காரர் சொல்வதை வாங்கி மாட்டிவிட்டு, அதன் பிறகு எவ்வளவு நேரம் பார்த்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிடுகிறோம். கிட்டப்பார்வைக்குக் காரணமாக மருத்துவ ஆய்வுகள் சுட்டுவது நெடுநேரம் கிட்டத்தில் பார்ப்பதையும், வெளி வெளிச்சத்தில் இருக்கும் நேரம் குறைவதையும்தான். சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் வகுப்பு வைத்துப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து அந்தப் பள்ளிகளில் 30.4 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது, மற்றப் பள்ளிகளில் 39.5 விழுக்காடு. 2015இல் வெளியான அந்த முடிவைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது நம் பி.டி. பீரியட்தான். தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது அதுவே. கணக்கு டீச்சர் கடன் வாங்குவார், திருப்பித் தருவதில்லை. போனுக்கு எதிராகப் பள்ளி செய்யக்கூடிய மிக உருப்படியான காரியம் அந்த ஒரு பீரியடை யாருக்கும் கடன் கொடுக்காமல் காப்பாற்றுவதுதான் என்பேன்.

நேரக் கணக்கில் மட்டும் கண்ணாக இருப்பதும் பயன் தராது. ஐந்து முதல் பத்து வயதுவரை ஒரு நாளில் இரண்டு மணிநேரத்துக்குக் குறைவாகவே திரை இருக்க வேண்டும் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021இல் வழிகாட்டியது. அது மேல் எல்லை. அவ்வளவு நேரம் கொடுத்தே ஆக வேண்டும் என்ற பங்கீடு அன்று. தாத்தாவோடு வீடியோ அழைப்பில் பேசிய இருபது நிமிடத்தையும், ஒன்றன்பின் ஒன்றாகத் தானே ஓடிய குறும்படத் துணுக்குகளைப் பார்த்த இருபது நிமிடத்தையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. சோறு ஊட்டப் போன் வேண்டும் என்று சொல்லும் வீட்டின் பிள்ளையே, பள்ளியில் காலை உணவுக்கு வரிசையில் உட்கார்ந்து உப்புமாவையும் பொங்கலையும் திரையில்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பிள்ளை பையில் போன் கொண்டுவந்துவிட்டால் என்ன செய்வது என்பதில் பள்ளிகள் தடுமாறுகின்றன. வகுப்பின் முன் நிறுத்திப் பையைக் கொட்டிச் சோதிப்பது, போனைத் திறந்து உள்ளே பார்ப்பது, ஒரு மாதம் பீரோவில் பூட்டி வைப்பது எல்லாமே வரம்பு மீறல்கள். அணைத்து, உறையில் போட்டு, பெயரெழுதி, அன்றைக்கே பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுப்பதோடு பள்ளியின் வேலை முடிகிறது. கண்டிப்பின் அளவு கூடக்கூடப் பிள்ளை மறைக்கக் கற்றுக்கொள்கிறது. அதன் ஆபத்து, யாராவது தகாத படம் கேட்டோ மிரட்டியோ செய்தி அனுப்பும் நாளில்தான் தெரியவரும். ‘போனைப் பிடுங்கிவிடுவார்கள்’ என்ற பயத்தில் பிள்ளை வாயைத் திறக்காது. சொன்னால் திட்டு விழாது என்ற உறுதியை முன்கூட்டியே தர வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, இணையக் குற்றப் புகாருக்கு 1930, தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வி உதவி மையத்துக்கு 14417 ஆகியவற்றைப் பள்ளிச் சுவரில் பிள்ளையின் கண் உயரத்தில் எழுதி வைக்கலாம்.

கடைசியாக, தடை போடும் ஆர்வத்தில் நேரும் ஒரு தவறு. முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளையின் தோலில் ஒட்டிய உணரி சர்க்கரை அளவைப் பெரும்பாலும் போனுக்குத்தான் அனுப்பும். பேச்சு வராத பிள்ளை டேப்லெட்டில் உள்ள படங்களைத் தொட்டுத்தான் தண்ணீர் கேட்கும். பள்ளிகளில் கைபேசியைத் தடைசெய்த பிரான்சின் 2018ஆம் ஆண்டுச் சட்டம், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குத் தேவையான கருவிகளைத் தடையிலிருந்து விலக்கியே எழுதப்பட்டது. நம் பள்ளிகளில் அந்த விலக்கு பெரும்பாலும் தலைமையாசிரியரின் இரக்கத்தைப் பொறுத்து, வாய்மொழியாக இருக்கிறது; அவர் மாற்றலாகிப் போனால் அந்தத் தாய் மறுபடியும் மருத்துவச் சான்றோடு வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. விதியை எழுதும் அதே தாளில், அதே நாளில், விலக்கையும் எழுதிவிட வேண்டும். அந்தப் பிள்ளையின் கையில் ஏன் அது இருக்கிறது என்பதை வகுப்பில் உள்ள மற்றப் பிள்ளைகளுக்கும், பெற்றோரின் சம்மதத்தோடு, ஆசிரியர் இரண்டு நிமிடம் ஒதுக்கிச் சொல்லிவிட வேண்டும்.