சர்வரில் ஜீனோம் தரவு இறங்கட்டும், நீங்கள் லேப்டாப்பை மூடலாம்

ஒரு மனித ஜீனோமை 30 மடங்கு ஆழத்தில் (ஒவ்வோர் இடத்தையும் சராசரியாக 30 முறை படித்து) வரிசைப்படுத்தினால், சுருக்கிய கோப்புகளே பல பத்து ஜிபி வரும். மாதிரிகள் கூடினால் இரவெல்லாம் இறங்கும். எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாகச் சர்வருக்குள் நுழைந்து கட்டளையைக் கொடுத்துவிட்டு லேப்டாப்பை மூடினால், இணைப்பு அறுந்ததும் ஓடிக்கொண்டிருந்த வேலைக்கு 'ஹேங்கப்' சமிக்ஞை போகும். வேலை பாதியில் நின்றுவிடும். இதற்கு, இணைப்பு அறுந்தாலும் சர்வரில் வேலையை ஓடவிடும் டிமக்ஸ் என்ற நிரல்தான் நல்ல வழி.

கட்டளைகளை இங்கே ஒலிப்பில் தருகிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

முதலில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்: டிஎஃப் -எச். கிளஸ்டர் (பல கணினிகளின் தொகுப்பு) என்றால் ஹோம் அடைவில் பெரும்பாலும் கோட்டா (இட வரம்பு) இருக்கும், ஸ்கிராட்ச் (தற்காலிகச் சேமிப்பு) பகுதிக்குப் போய்விடுங்கள். நீங்கள் முதலில் நுழையும் லாகின் கணினியில் நீண்ட வேலைகளைப் பல இடங்களில் நிறுத்திவிடுவார்கள். தரவு மாற்றத்துக்கென்று தனிக் கணினி உண்டா என்று நிர்வாகியிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்து, ஓர் அமர்வைத் திறங்கள்: டிமக்ஸ் நியூ -எஸ் டவுன்லோட். கடைசிச் சொல் நீங்கள் வைக்கும் பெயர்.

அதற்குள் பதிவிறக்கத்தைத் தொடங்குங்கள். எஸ்ஆர்ஏ (அமெரிக்காவின் பொது வரிசைத் தரவுக் காப்பகம்) தரவு என்றால், ப்ரீஃபெட்ச் என்று தட்டி, பக்கத்தில் எஸ்ஆர்ஆர் (இது மட்டும் பெரிய எழுத்தில்) என்று தொடங்கும் எண்ணைக் கொடுங்கள். இதில் ஒரு விஷயம் பலரைத் தடுக்கும்: ப்ரீஃபெட்ச் இயல்பாக 20 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை இறக்காது. --மேக்ஸ்-சைஸ் 100ஜி என்று சேர்த்தால் சரியாகிவிடும். ஐரோப்பியக் காப்பகமான ஈஎன்ஏவிலிருந்து நேராக ஃபாஸ்ட்க்யூ (வரிசைத் தரவின் உரை வடிவக் கோப்பு) எடுக்கிறீர்களா? அப்போது டபிள்யூகெட் -சி போதும். அந்த -சி இருந்தால், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஓடத் தொடங்கியதும் கன்ட்ரோல் விசையோடு பி (b) அழுத்தி, இரண்டையும் விட்டுவிட்டு டி (d) அழுத்துங்கள். அமர்விலிருந்து வெளியே வந்துவிடுவீர்கள், வேலை உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் திரும்பிப் பார்க்க, அதே கணினியில் நுழைந்து டிமக்ஸ் அட்டாச் -டி டவுன்லோட் என்று கொடுங்கள் (இந்த -டி என்பது -t). ஹேங்கப் சமிக்ஞையைப் புறக்கணிக்க வைக்கும் நோஹப் கட்டளை கொண்டும் இதைச் செய்யலாம். ஆனால் அதன் திரைக்குத் திரும்ப முடியாது, லாக் கோப்பைத்தான் பார்க்க வேண்டும். புதிதாகப் பழகுபவர்களுக்கு டிமக்ஸையே சொல்வேன்.

சர்வரே மறுதொடக்கம் ஆனால் டிமக்ஸ் அமர்வும் போய்விடும். பதற வேண்டாம். அதே அடைவில் அதே கட்டளையை மறுபடி கொடுங்கள், மிச்சம் இறங்கும்.

தயவுசெய்து சரிபார்ப்பைத் தவிர்க்காதீர்கள். பாதிக் கோப்பு சில சமயம் பிழை காட்டாமலே பகுப்பாய்வுக்குள் நுழைந்து முடிவைக் கெடுத்துவிடும். எஸ்ஆர்ஏ கோப்புக்கு விடிபி-வேலிடேட், ஈஎன்ஏ கோப்புக்கு எம்டி5சம். ஈஎன்ஏ ஒவ்வொரு கோப்புக்கும் எம்டி5 எண்ணைத் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) தருகிறது. எண் பொருந்தாமல், கோப்பின் அளவு மட்டும் சரியாக இருந்தால் -சி உதவாது. அந்தக் கோப்பை அழித்துவிட்டு முதலிலிருந்து இறக்குங்கள்.

எஸ்ஆர்ஏ கோப்பை ஃபாஸ்டர்க்யூ-டம்ப் கொண்டு மாற்றுவதும் நேரம் பிடிக்கும், அதையும் டிமக்ஸுக்குள்ளேயே ஓட்டுங்கள். அது சுருக்காத ஃபாஸ்ட்க்யூவைத் தரும். தற்காலிகக் கோப்புகளுக்கும் இடம் கேட்கும். ஆகவே மூலக் கோப்பைப் போலப் பல மடங்கு இடம் காலியாக இருக்கட்டும். முடிந்ததும் ஃபாஸ்ட்க்யூவை ஜிஜிப் கொண்டு சுருக்கி, அதன் பிறகே எஸ்ஆர்ஏ கோப்பை நீக்குங்கள்.